வாசிக்கத் தெரியாதவர் செய்த வாத்தியம்

பாடலைக் கேட்கும் செவி முதலில் சொற்களைப் பற்றிக்கொள்கிறது. பிறகு அவற்றை ஏந்திச் செல்லும் இன்னிசையைத் தொடர்கிறது. இவ்விரண்டிற்கும் அடியில், நிலத்தடி நீர்போலத் தாழ்ந்த ஓர் ஒலி ஓடிக்கொண்டிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அது நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறதே என்று உணர்கிறோம். பழைய பேராலயங்களில் ஆர்கன் வாசிப்பவர் தம் கால்களால் மிதித்து எழுப்பிய ஒலி அது. இன்று நம் ஆலயங்கள் சிலவற்றில், பாடற்குழுவின் ஓரத்தில், தடித்த நான்கு கம்பிகள் கொண்ட கித்தாரைத் தோளில் மாட்டி நிற்கும் இளைஞர் அதை எழுப்புகிறார். "அந்தத் தம்பி என்னதான் வாசிக்கிறார், சாமி? ஒன்றும் கேட்கவில்லையே" என்று நம்மிடம் கேட்ட பெரியவர்கள் உண்டு. "அதை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், நெஞ்சு அதிர்கிறது" என்றவர்களும் உண்டு. இரு சாராருக்கும் விடை சொல்லப் போய்த்தான் பேஸ் கித்தார் என்னும் இக்கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழாய் ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்தது. அதே மூச்சில், இறைவழிபாட்டுக்கு ஏற்றவையும் இறைமக்களுக்கு உண்மையாகவே உதவுபவையுமான பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்துவைத்தது. ஆகவே பேஸ் கித்தார் கோயிலுக்குள் வரலாமா என்னும் வழக்கை ஈண்டு எடுக்கப் போவதில்லை. நம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்த செய்தி வேறு. இக்கருவியை உலகெங்கும் பரவச் செய்தவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. சுருதி கூட்டவும் தெரியாது.

லியோ ஃபெண்டர் 1909ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் ஒரு கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டவர். படித்தது கணக்கியல், பார்த்ததும் கணக்கர் வேலைதான். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலை போகவே, 1938இல் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டன் என்னும் சிற்றூரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தார். ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் நாட்டுப்புற இசைஞர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளைப் பழுதுநீக்க அவரிடம் கொண்டுவந்தார்கள். பழுது என்று வந்தவர்கள் சற்று உட்கார்ந்தார்கள்; உட்கார்ந்தவர்கள் பேசினார்கள். இது இப்படி இரைகிறது, அது அப்படி உடைகிறது, இப்படி ஒன்று இருந்தால் நலமாயிருக்கும் என்றார்கள். கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபெண்டர் என்னும் பெருநிறுவனத்தின் பிறப்பு அந்தத் திண்ணைப் பேச்சில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அக்கால இசைக்குழுக்களில் தாழ்ந்த ஒலிக்கு இருந்தது டபுள் பேஸ். ஆளுயரத்துக்கும் மேற்பட்ட வயலின் என்று அதைச் சொல்லலாம். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போவார்கள். மின்கித்தாரும் டிரம்மும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எடுபடுவதில்லை. கழுத்தில் வீணைக்கு உள்ளது போன்ற மெட்டுகள் இல்லாமையால், விரல் ஒரு நூலிழை தவறினாலும் சுரம் தவறும். இம்மூன்று முறையீடுகளுக்கும் ஃபெண்டர் ஒரே விடையாகச் செய்த கருவி 1951இல் வெளிவந்தது. தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க பலகை உடல், கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தச் சுருள், 34 அங்குலக் கம்பி நீளம், கழுத்தில் உலோக மெட்டுகள். மெட்டுகளால் சுரம் பிசகாது என்பதனால் 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று பெயரிட்டார்.

இத்தகைய கருவியை முதலில் செய்தவர் அவர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1936ஆம் ஆண்டளவிலேயே மெட்டுகளுடன் கூடிய மின் பேஸ் ஒன்றைச் செய்து 'ஆடியோவாக்ஸ்' என்னும் பெயரில் விற்றார். அவர் தாமே இசைஞர், இசை ஆசிரியரும்கூட. ஆயினும் அது பரவவில்லை. ஒலி மிகுந்த சிறு குழுக்களின் காலம் அப்போது இன்னும் கனியாதிருந்தது.

மீண்டும் ஃபுல்லர்ட்டனுக்கு வருவோம். தமக்கு வாசிக்கத் தெரியாததால் ஃபெண்டருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது: வாசிப்பவரிடம் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பது. இசை நிகழும் விடுதிகளுக்குத் தாமே செல்வார். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மேடையேறி ஒலிபெருக்கியைத் திருகிச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார் என்று அவரை அறிந்தவர்கள் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது நமக்குச் சற்றே நாணம் உண்டாயிற்று. மறையுரை ஆற்றும் நம்மில் எத்தனை பேர் ஆலயத்தின் கடைசி வரிசையில் ஒருநாளாவது அமர்ந்து, அங்கே என்ன கேட்கிறது என்று பார்த்திருக்கிறோம்?

இசைஞர்கள் ஒன்றும் வாய்மூடி இருக்கவில்லை. ஃபெண்டரின் தொடக்ககாலக் கருவிகள் ஓரம் மழிக்காத பலகைகள். இரவெல்லாம் வாசிக்கிறவன் விலா எலும்பில் இது குத்துகிறதே, உட்கார்ந்து செய்தீரா, உறங்கிக்கொண்டு செய்தீரா என்கிற பாணியில் கேலியும் முறையீடும் கலந்து வந்தன. பில் கார்சன் என்னும் கித்தார் இசைஞர், கருவி உடம்பில் சட்டைபோலப் பொருந்த வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் ஒருவர். 1954இல் வந்த புதிய கித்தாரின் உடல் வயிற்றுக்கும் முழங்கைக்கும் இடங்கொடுத்து வளைந்திருந்தது. அதே ஆண்டு பேஸ் கித்தாரும் அவ்வளைவைப் பெற்றது. 1957இல் அதன் காந்தச் சுருள் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இரைச்சல் அடங்கி, இன்று உலகம் அறிந்த அதன் குரல் பிறந்தது.

பாலைவனத்தில் சந்திப்புக் கூடாரம் அமைக்கும் பணிக்குக் கடவுள் பெட்சலேலைப் பெயர்சொல்லி அழைத்து, அவரைத் தம் ஆவியால் நிரப்பியதாக விடுதலைப்பயண நூல் 31ஆம் அதிகாரம் கூறுகிறது. பொன்னிலும் மரத்திலும் வேலை செய்யும் கைத்திறனைத் தூய ஆவியின் கொடையாகவே அந்நூல் காண்கிறது. ஆனால் பெட்சலேல் தனியாக விடப்படவில்லை; ஒகோலியாபு என்னும் துணைவரும் அவருக்குத் தரப்பட்டார். குருமடத்தில் அப்பகுதியைப் படித்த நாள்களில் இரண்டாவது பெயரை நாம் தாண்டியே சென்றிருக்கிறோம்.

புதிய கருவியை எல்லாரும் கைநீட்டி வாங்கவுமில்லை. லயனல் ஹாம்ப்டனின் புகழ்பெற்ற இசைக்குழுவில் டபுள் பேஸ் வாசித்தவர் மங்க் மான்ட்கோமரி. கித்தார் மேதை வெஸ் மான்ட்கோமரியின் அண்ணன். இனி இதைத்தான் வாசிக்க வேண்டும் என்று தலைவர் ஃபெண்டர் பேஸை நீட்டியபோது, அவருக்குத் தன்மானம் தடுத்தது. மரபுக்குப் பிறக்காத கருவியாகவே அன்றைய ஜாஸ் உலகம் அதைப் பார்த்தது. ஆயினும் கற்றார். 1953இல் அவர் அதில் வாசித்த இசைத்தட்டுப் பதிவு, ஜாஸில் மின் பேஸின் முதற் பதிவுகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

செய்பவரும் வாசிப்பவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து வேலை பார்த்ததற்கு இங்கிலாந்தில் அழகியதொரு சான்று உண்டு. 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலுக்குத் தம் தாழ்ந்த கம்பிகள் மொத்தென்று ஒலிப்பது பிடிக்கவில்லை. பியானோக் கம்பிபோல அவை கணீரென்று ஒலிக்க வேண்டும். 1966இல் தம் பேஸையே எடுத்துக்கொண்டு, 'ரோட்டோசவுண்ட்' கம்பித் தொழிலகத்துக்குச் சென்று, அதன் நிறுவனர் ஜேம்ஸ் ஹவ்வுடன் அமர்ந்து கம்பிகளைச் சோதித்தார். ஒன்று மாட்டுவது, மீட்டுவது, உதடு பிதுக்குவது, கழற்றுவது. அந்த உழைப்பில் விளைந்த உருண்டைச் சுற்றுக் கம்பி பின்னர் எண்ணற்ற இசைஞர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர் எதிரானவர் டெட்ராய்ட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் நிறுவனத்தின் பெரும் பாடல்கள் பலவற்றின் அடித்தளம் அவர் விரல். அதுவும் பெரும்பாலும் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றே. கம்பியை மாற்று, மாற்று என்று கடைக்காரர் சொல்வார். அறுந்தாலன்றி இவர் மாற்றமாட்டார். ஏறிய அழுக்கில்தான் சுவை இருக்கிறது என்பது அவர் கட்சி. இருவர் சொன்னதும் சரியே என்பது இக்கலையின் வேடிக்கை. ஜேமர்சனின் பெயர் நெடுங்காலம் எந்த இசைத்தட்டின் உறையிலும் இல்லை. 1971இல் வந்த மார்வின் கேயின் தொகுப்பில்தான் மோட்டவுன் அவருக்கும் உடன் இசைஞர்களுக்கும் பெயர் தந்தது. கேட்கப்படாத ஒலியை எழுப்பியவர், அறியப்படாதவராகவே 1983இல் 47ஆம் வயதில் மறைந்தார். அவருடைய பழைய பேஸ், அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் திருடுபோயிருந்தது.

1960களின் நடுவில் ஃபெண்டரின் உடல்நிலை குன்றியது. தாம் நெடுநாள் இரார் என்று எண்ணி, 1965 சனவரியில் நிறுவனத்தை சி.பி.எஸ். என்னும் பெருங்குழுமத்துக்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றார். (பின்னர் வேறொரு மருத்துவரால் குணமடைந்தார், விற்றது விற்றதுதான்.) உற்பத்தி பெருகியது. ஆனால் 1970களில் வந்த கருவிகளைப் பற்றி இசைஞர்கள் குறைசொல்லத் தொடங்கினார்கள்: எடை கூடிவிட்டது, கழுத்து உடலோடு ஒட்டாமல் ஆடுகிறது. முன்பெல்லாம் குறையைச் சொல்ல ஒரு கடைத் திண்ணை இருந்தது. இப்போது ஒரு முகவரி மட்டுமே இருந்தது. விற்பனைக்கு முந்தைய கருவிகளைத் தேடி மக்கள் பழைய பொருள் கடைகளில் அலைந்தார்கள். 1985இல் அங்கே பணியாற்றியோர் குழு ஒன்று நிறுவனத்தை மீட்டு வாங்கிய பின்னரே நிலைமை சீரடையத் தொடங்கியது. நிறுவனங்கள் பெரிதாகும்போது கேட்கும் செவி சுருங்குவது கித்தார்த் தொழிலில் மட்டுமே நிகழ்வதன்று. மறைமாவட்டங்களை நடத்துவோரும் அறிவர்.

ஃபெண்டரோ ஓய்ந்திருக்கவில்லை. புதிய நண்பர்களோடு மீண்டும் தொடங்கி, 1976இல் 'மியூசிக் மேன்' நிறுவனத்துக்காக மற்றொரு புகழ்பெற்ற பேஸை உருவாக்கினார். பின்னர் 'ஜி அண்டு எல்' என்னும் தொழிலகத்தில், பார்கின்சன் நோயால் கை நடுங்கிய காலத்திலும், வேலைமேசையை விடவில்லை. 1991 மார்ச் 21இல் இறந்தார். முந்தின நாளும் வேலைக்குப் போயிருந்தார்.

அவருடைய முடிவுகளையே எதிர்த்து வழக்காடிய இசைஞர்களும் எழுந்தார்கள். பேஸுக்கு ஏன் நான்கே கம்பிகள்? இது கித்தார்க் குலம் என்றால் ஆறு இருக்க வேண்டாமா? இப்படிக் கேட்ட நியூயார்க் இசைஞர் ஆண்டனி ஜாக்சன், கார்ல் தாம்சன் என்னும் கைவினைஞரை இணங்கவைத்து, 1975இல் ஆறு கம்பிக் கருவி ஒன்றைச் செய்வித்தார். வந்தது முழு நிறைவு தரவில்லை. கம்பிகள் மிக நெருங்கியிருந்தன. அடுத்து வேறொரு கைவினைஞர், அவருக்குப் பின் ஃபொடேரா பட்டறை என்று பல ஆண்டுகள், அங்குலக் கணக்கில் வாதாடி வாதாடித் தாம் விரும்பியதை அடைந்தார். ஒரு தச்சருக்கு இதைவிடப் பொறுமையைச் சோதிக்கும் வாடிக்கையாளர் வாய்த்திருக்க மாட்டார்.

இன்னொருவர் வழக்காடவும் இல்லை. தாமே கருவியைத் திருத்திக்கொண்டார். ஜாகோ பாஸ்டோரியஸ் ஃப்ளோரிடாவில் வளர்ந்த கத்தோலிக்கச் சிறுவர். வில்டன் மேனர்ஸ் ஊரின் புனித கிளமெந்து ஆலயத்தில் பீடச் சிறுவராகப் பணிபுரிந்தவர். குடும்பப் பெயரில் ஆயனைக் குறிக்கும் இலத்தீன் சொல் ஒலிக்கிறது. ஃபெண்டர் பெருமையோடு பொருத்திய மெட்டுகளைத் தம் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸிலிருந்து பிடுங்கியெடுத்தார். பள்ளங்களை அடைத்து, கம்பி மரத்தை அரிக்காதிருக்கப் படகுக்குப் பூசும் எப்பாக்சியை விரற்பலகைமேல் பூசினார். துல்லியத்துக்காக வைத்ததை அவர் நீக்கியபோது, மனிதக் குரல்போல வழுக்கிப் பாடும் ஓர் ஒலி கிடைத்தது. 1976இல் வெளிவந்த அவரது முதல் தொகுப்பு, பேஸ் வாசிப்போர் அனைவரையும் மீண்டும் மாணவராக்கியது.

புகழின் உச்சியில் மனநோய் அவரைப் பற்றியது. 1982இல் நோய் இன்னதென்று கண்டறியப்பட்டும் மருத்துவம் நிலைக்கவில்லை. குடியும் சேர்ந்தது, நண்பர்கள் சொன்னது செவியில் ஏறவில்லை. அந்தப் பேஸ் துண்டு துண்டாக உடைந்து கிடந்தபோது, கெவின் காஃப்மன், ஜிம் ஹாமில்டன் என்னும் இரு கைவினைஞர்கள் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து ஒட்டி, மீண்டும் ஒலிக்கச் செய்து அவர் கையில் கொடுத்தார்கள். உடைந்த மரத்துக்குச் செய்ய முடிந்ததை உடைந்த மனிதருக்கு ஒருவராலும் செய்ய இயலவில்லை. 1986இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் பேஸ் களவுபோயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பரில், சிறுவயதில் பீடத்தருகே நின்ற அதே வில்டன் மேனர்ஸில், இரவு விடுதி ஒன்றின் வாயிலில் அடித்து வீழ்த்தப்பட்டு, சில நாள்களில் இறந்தார். வயது 35.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பேஸ் நியூயார்க்கில் வெளிப்பட்டது. யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது. 2010இல் 'மெட்டாலிக்கா' குழுவின் பேஸ் இசைஞர் ராபர்ட் ட்ருஹியோ, ஜாகோவை மேடையில் கண்டு வளர்ந்தவர், பணம் கொடுத்து அதை மீட்க ஜாகோவின் பிள்ளைகளுக்குத் துணைநின்றார்.