நடுவில் நிற்பவர்: தாராவித் தோலும் சோழமண்டலத் துணியும்

பர்சேஸ் வேலையில் இருப்பவர்களுக்கு ஆயுசு முழுக்க ஓயாத கேள்வி ஒன்று உண்டு. வெளிநாட்டுச் சரக்கை டிரேடிங் கம்பெனி வழியாக வாங்குவதா, தயாரிப்பாளரிடமே நேராக வாங்குவதா? நேராக வாங்கினால் கமிஷன் மிச்சம் என்பார் ஒருவர். டிரேடிங் கம்பெனி இல்லாவிட்டால் தலைவலி முழுக்க நமக்குத்தான் என்பார் இன்னொருவர். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் மீட்டிங் முடிவே இல்லாமல் போகும்.

எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிழைப்பு மும்பையில், குடியிருப்பு செம்பூரில். சயனைத் தாண்டினால் தாராவி. அங்கே தோல் பட்டறைகளுக்கு நடுவே நடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைத் தலைகீழாகப் பார்க்கத் தோன்றும். வாங்குகிறவனுக்கு எது லாபம் என்று ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். செய்கிறவனுக்கு எது நல்லது? அவனுக்கும் அவன் சரக்கைக் கடைசியில் வாங்குகிறவனுக்கும் நடுவில் நிற்பவர் விலகினால் அவன் கைக்குக் கூடுதல் காசு வருமா?

இதற்குப் பதில் தேட முதலில் முந்நூறு வருடம் பின்னால், நம் சோழமண்டலக் கரைக்குப் போக வேண்டும். தாராவிக்கு அப்புறம் வரலாம்.

கம்பெனியும் நெசவாளியும்

கிழக்கிந்தியக் கம்பெனியே ஒரு டிரேடிங் கம்பெனிதான், நாடு பிடித்ததெல்லாம் பிற்பாடு. 1639இல் சென்னையில் அவர்கள் இடம் வாங்கியதற்கு முக்கியக் காரணம் துணி. ஆனால் நெசவாளிகள் இருந்ததோ உள்ளே தள்ளித் தள்ளி, நூற்றுக்கணக்கான கிராமங்களில். கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. எந்த ஊரில் எந்த ரகம் நெய்வார்கள், யாரை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்பதும் தெரியாது.

அதனால் உள்ளூர் வணிகர்களைப் பிடித்தார்கள். பேரி திம்மப்பா, 1680இல் இறந்த காசி வீரண்ணா போன்றவர்கள் இப்படித்தான் கம்பெனியின் தலைமை வணிகர்கள் ஆனார்கள். கம்பெனி வணிகருக்கு முன்பணம் கொடுக்கும். அவர் தரகருக்குக் கொடுப்பார். தரகரிடமிருந்து தலைமை நெசவாளிக்குப் போய், கடைசியில் தறியில் உட்கார்ந்திருப்பவர் கைக்கு வரும். அவர் அதில் நூல் வாங்க வேண்டும், அரிசியும் வாங்க வேண்டும். துணி கோட்டைக்கு வந்ததும் தரம் பிரிப்பார்கள். தேறாததைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள்.

இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கம்பெனிக்கு ஓயாத புலம்பல். வணிகர் நடுவில் காசு பார்க்கிறார், சரக்கு நேரத்துக்கு வருவதில்லை, தரம் சரியில்லை. இன்றைக்கு நாங்கள் மீட்டிங்கில் பேசுவது எல்லாம் அப்போதே பேசியாகிவிட்டது :-) நெசவாளிகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினார்கள். வீடு கட்டக் கம்பெனியே கடன் கொடுத்தது. சின்னத்தறிப்பேட்டை என்பதுதான் அப்படி மருவியது என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு வழக்கம். முன்பணம் வாங்கிய நெசவாளிக்கு அந்த ஒப்பந்தம் பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். வேறு ஒருவர் நல்ல விலை தந்தால் அவருக்கு நெய்யலாம். ஆள் கிடைப்பதிலும் குறைச்சல் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர், இவர்கள் தவிர உள்நாட்டு வணிகர்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளிகளைப் பற்றி ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி, அவர்களுடைய பேரம் பேசும் பலத்துக்கு இந்த உரிமையை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்.

பிறகு ஆட்சி கம்பெனி கைக்கு வந்தது. வங்காளத்தில் 1753இலேயே வணிகர்களை ஒதுக்கிவிட்டு, தங்கள் குமாஸ்தாக்கள் வழியாக வாங்க ஆரம்பித்திருந்தார்கள். தெற்கே 1770களுக்குப் பிறகு அதே கதை. நம் பாஷையில் சொன்னால் ‘டைரக்ட் பர்சேஸ்’. நடுவில் இருந்தவர்கள் போனார்கள், முன்பணம் கம்பெனியிடமிருந்தே நெசவாளிக்கு வந்தது.

கமிஷன் மிச்சமானதே, அது நெசவாளிக்குப் போனதா? போகவில்லை. கம்பெனிப் பணத்தைத் தொட்டவர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. மீறாமல் பார்த்துக்கொள்ளச் சேவகர்கள் வந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் வழி அடைபட்டது. வாங்குகிறவனே அதிகாரியாகவும் இருந்தால் எங்கே போய்ப் பேரம் பேசுவது? பழைய வணிகர் ஒன்றும் புண்ணியவான் இல்லை. அளவிலும் தரத்திலும் கை வைத்தவர்தான். ஆனாலும் அவரைப் போலப் பலர் இருந்தார்கள். கம்பெனி ஒன்றே ஒன்றுதான்.

ஆவாரம்பட்டையும் லண்டன் ஏலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மில் துணி வந்து நெசவு நொடித்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போன இன்னொரு பெரிய சரக்கு தோல். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று தோல் ஷாப்புகள் பெருகின. ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் ஊர்த் தோலுக்கு லண்டன் சந்தையில் தனி மதிப்பு இருந்தது.

இங்கேயும் நடுவில் ஆள் உண்டு. சென்னைப் பெரியமேட்டில் தோல் மண்டிகள். மண்டிக்காரர் தோல் ஷாப்புக்காரருக்கு முன்பணம் கொடுப்பார். பதனிட்ட சரக்கு அவர் மண்டிக்கே வர வேண்டும். கமிஷன், வட்டி எல்லாம் பிடித்துக்கொண்டு கணக்குத் தீர்ப்பார். அங்கிருந்து ஏற்றுமதியாளர், கப்பல், லண்டன் தரகர், ஏலம். ஏலத்தில் எடுத்த ஐரோப்பியத் தொழிற்சாலைதான் அந்த அரைகுறைத் தோலுக்கு நிறமும் மெருகும் ஏற்றிச் செருப்புக்கும் பூட்ஸுக்கும் ஏற்றதாக்கும். பெரிய லாபம் அந்தக் கடைசி வேலையில்தான். வாணியம்பாடிக்காரருக்குத் தன் தோல் யார் காலில் இருக்கிறது என்று கடைசி வரை தெரியாது.

1914-18 போரின் நடுவில் பிரிட்டிஷ் அரசு பூட்ஸ் தோலுக்காக இந்த வியாபாரத்தையே தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, தானே நிர்ணயித்த விலைக்கு வாங்கியது. மறுபடியும் ஒரே ஆள், ஒரே விலை.

திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு

இந்தத் தோல் வேலை தெரிந்தவர்கள்தான் மும்பைக்கும் வந்தார்கள். மாஹிம் கழிமுகத்தை ஒட்டிக் கோலி மீனவர்கள் வாழ்ந்த சதுப்பு நிலம் தாராவி. நாற்றம் பிடித்த தொழில் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது நகரத்தாரின் எண்ணம். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் பாந்திராவில் ஆடுமாடு அறுக்கும் கூடம். பச்சைத்தோல் பக்கத்திலேயே கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் இங்கே பதனிடும் தொட்டிகளைப் போட்டார்கள். வேலைக்கு ஆதிதிராவிடர்கள் அதே சீமையிலிருந்து வந்தார்கள். 1887இன் படி மசூதியும் 1913இன் கணேசர் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் வயதைச் சொல்லும்.

அதே காலகட்டத்தை ஒட்டி மாட்டுங்காவில் வேறொரு தமிழ்க் கூட்டம் வந்து சேர்ந்தது. தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கு தெரிந்தவர்கள். கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் கடிதமும் இன்வாய்ஸும் அடித்தவர்களில் இவர்கள் கணிசம். இவர்கள் வேலையைக் குறிவைத்துத்தான் 1966இல் சிவசேனை கிளம்பியது. வியாபாரச் சங்கிலியின் ஒரு முனையில் தோலைச் சுரண்டியவரும் தமிழர், மறுமுனையில் கடிதம் அடித்தவரும் தமிழர். இரண்டு பேட்டைக்கும் நடக்கிற தூரம்தான். ஆனால் அந்தத் தோலுக்கு வெளிநாட்டில் என்ன விலை என்பது கடிதம் அடித்தவருக்குத் தெரிய வாய்ப்பு உண்டு, சுரண்டியவருக்கு இல்லை. நடுவில் நிற்பவரின் மூலதனத்தில் பாதி இந்தத் தகவல்தான்.

1971இல் அறுப்புக்கூடம் செம்பூர் பக்கத்துத் தேவ்னாருக்குப் போனது. 1973 முதல் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறைத் தோலுக்கு அளவு வைத்தது. முழுசாகச் செய்த சரக்காக அனுப்பினால் லாபம் இங்கேயே தங்கும் என்ற கணக்கு. தாராவியில் பதனிடுவது மெல்ல மெல்ல ஒழிந்து, பையும் பர்ஸும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் நின்றன. இப்போது தோல் சென்னை, கான்பூர், கொல்கத்தாவிலிருந்து வருகிறது. தைப்பவர்களில் நிறையப் பேர் பீகார்க்காரர்கள்.

பத்து மெஷின் பட்டறை

ஒரு பட்டறையில் பத்துத் தையல் மெஷின் இருக்கிறது என்று வையுங்கள். வேலை வெளிநாட்டுத் தரத்துக்குக் குறைந்ததில்லை. ஏன் அவரே ஏற்றுமதி செய்வதில்லை? ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்குவது இன்று பெரிய விஷயமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில். தோலுக்கு இன்றே காசு, கூலி வாராவாரம், வெளிநாட்டுப் பார்ட்டியின் பணமோ இரண்டு மூன்று மாதம் கழித்து. அதுவும் சரக்கு தேறினால். ஒரு தவணைச் சரக்கு திரும்பி வந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான். வணிக ஏற்றுமதியாளரிடம் விற்றால் விலை குறைவு, ஆனால் அந்த ஆபத்து அவர் தலையில். அரசும் இதை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது. வணிக ஏற்றுமதியாளர் ஏற்றுமதிக்காக வாங்கும் சரக்குக்கு 0.1 சதவீத ஜி.எஸ்.டி. போதும் என்று 2017 அக்டோபரில் சலுகை வந்தது. 2006ஆம் வருடச் சிறுதொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. பதிவு செய்யாத பட்டறைக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

நடுவில் நிற்பவரின் கூலி நிரந்தரம் இல்லை என்பதற்கு ஒரு சீன உதாரணம். 1906இல் கான்டன் நகரில் தொடங்கிய லி அண்ட் ஃபங் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆங்கிலம் தெரிந்தவர். தொழிற்சாலைக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது, வாங்க வந்தவருக்குச் சீனம் தெரியாது. அந்த ஒரு தகுதிக்குக் கமிஷன் 15 சதவீதம். அடுத்த தலைமுறைகளில் அது 10, 5, 3 என்று இறங்கியதாக அவருடைய பேரன் விக்டர் ஃபங் 1998இல் ஒரு பேட்டியில் சொன்னார். பாஷை மட்டும் விற்றால் காணாது என்று ஆனபோது தரச் சோதனை, மூலப்பொருள், நேரம் எல்லாவற்றையும் அவர்கள் தலையில் எடுத்துக்கொண்டார்கள். 2020இல் அந்தக் கம்பெனி பங்குச் சந்தையிலிருந்தே வெளியேறியது.

ஆக, என் கணக்கு இதுதான். நடுவில் ஆள் இருக்கிறாரா என்பதை வைத்து ஒரு வியாபாரம் நியாயமானதா என்று சொல்ல முடியாது. முன்பணம் யார் போடுகிறார், தரம் யார் பிரிக்கிறார், தேறாத சரக்கின் நஷ்டம் யாருக்கு, இவை மூன்றும் யாராவது செய்தே ஆக வேண்டிய வேலைகள். ஆளை நீக்கினாலும் வேலை நீங்காது, பலவீனமானவர் தலையில் போய் உட்காரும். நாலாவதாக ஒன்று, செய்கிறவனுக்கு வேறு வாசல் திறந்திருக்கிறதா? சோழமண்டல நெசவாளிக்கு அது திறந்திருந்தவரை கொஞ்சம் நிமிர்ந்து நின்றான்.

தாராவிக்கும் இப்போது அதே கேள்வி. 2015இல் மகாராஷ்டிராவில் காளை, எருது அறுப்புக்குத் தடை வந்தது. அடுத்த வருடம் பணமதிப்பிழப்பு. 2022 நவம்பரில் மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் வென்றது. வீடு யாருக்குக் கிடைக்கும் என்ற பேச்சுதான் அதிகம் கேட்கிறது. ஆனால் ஒரே சந்தில் தோல் கடை, வெட்டுபவர், தைப்பவர், பத்து வியாபாரிகள் என்று நெருங்கி இருப்பதால்தான் அங்கே ஒரு பட்டறைக்காரர் இந்த வியாபாரி வேண்டாம் என்று அடுத்தவரிடம் போக முடிகிறது. அந்த நெருக்கத்தைக் கலைத்து ஆளுக்கொரு மூலையில் போட்டால், வாசலில் வந்து நிற்கும் ஒரே வியாபாரி சொல்வதுதான் விலை.