மாந்தையில் இறங்கிய நீலச் சாடி

இலங்கையின் மன்னார்ப் பக்கத்து மாந்தை மேட்டில் 1980 முதல் 1984 வரை தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் குழுவினர் அகழ்ந்தபோது, உள்ளூர்ச் சட்டி பானை ஓடுகளுக்கிடையே மயில்கழுத்து நிறத்தில் துண்டுகள் வெளிப்பட்டன. பாரசீக வளைகுடாப் பக்கம் வனைந்த பெருஞ்சாடிகளின் ஓடுகள் அவை. திருக்கேதீச்சரக் கோயிலை அடுத்த இந்த மேடுதான் தேவாரம் பாடிய மாதோட்டத் துறைமுகம்.

அப்படியொரு சாடியின் வழியே போய்ப் பார்ப்போம். 9ஆம் நூற்றாண்டு. காரமும் செம்பும் கலந்த பூச்சு சூளைத் தீயில் உருகி, கண்ணாடியாய்ப் படிந்து நீலமாகிறது. உள்ளே பேரீச்சம்பாகு வந்திருக்கும் என்பார்கள். பருவக்காற்றுக்குக் காத்திருந்து மாந்தையில் இறங்குகிறது. பாகு தீர்ந்தபின்னும் வெறுஞ்சாடியை யாரும் எறியவில்லை.

மண்குடத்தில் மருந்தெண்ணெய் வைத்தவர்களுக்குக் காரணம் தெரியும். எவ்வளவு பழகிய குடமானாலும் எண்ணெய் கசியும், வெளிப்புறம் பிசுபிசுக்கும். மூலிகை இடித்து, நாட்கணக்கில் காய்ச்சி இறக்கிய தைலத்தில் ஒரு பங்கைக் குடமே குடித்துவிடும். பழைய எண்ணெயின் சிக்கு நாற்றம் புதியதையும் கெடுக்கும். உள்ளும் புறமும் பூச்சுள்ள சாடியில் இந்தத் தொல்லை இல்லை; கழுவி வைத்தால் அடுத்த மருந்துக்கு ஆயத்தம். அந்தக் காலத்துப் பரியாரிமார் இதைக் கண்டு எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்!

அனுராதபுரத்துக்கு அருகே மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டு வைத்தியசாலையின் இடிபாடு இருக்கிறது. நோயாளியை மருந்தெண்ணெயில் கிடத்த, மனித உடல் வடிவில் குடைந்த கல்தொட்டி இன்றும் அங்கே உண்டு. அங்கே பாரசீக நீலச் சாடிகளும் கிடைத்தன. அவை மாந்தையில் இறங்கி, அருவியாற்றுப் பக்கமாக அனுராதபுரம் போன பாதையால் வந்திருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன். தலைநகர் அனுராதபுரத்துக்கான பெருந்துறை மாந்தைதானே.

மருந்துச் சரக்கும் கடல் கடந்தே வந்தது. மாந்தை மண்ணில் ஒற்றைக் கராம்பு கிடைத்திருக்கிறது. காலம் 900க்கும் 1100க்கும் இடையில். அப்போது கராம்பு விளைந்தது தூரக்கிழக்கே மொலுக்கா தீவுகளில்தான். பல்வலிக்காரர் கடைவாயில் அடக்கிக்கொள்ள வாங்கியதோ, கறிக்கு வாங்கியதோ!

இதே வகைச் சாடிகள் மூன்று சீனத்திலும் கிடைத்தன, 930இல் இறந்த அரசி லியூ ஹுவாவின் கல்லறையில். அங்கே கல்லறை விளக்குக்கான எண்ணெய் அவற்றில் இருந்திருக்கலாம். மிகிந்தலையிலோ நோயாளிக்கான எண்ணெய்.

போரால் 1984இல் மாந்தை அகழ்வு நின்றது. முழு அறிக்கை அச்சேற 2013 ஆயிற்று. மேட்டில் தோண்டாத இடமே இன்னும் அதிகம்.