பீடி

பீடி என்பது தெண்டு இலைக்குள் புகையிலைத் தூளை வைத்துக் கையால் சுற்றி, நூலால் கட்டி விற்கப்படும் புகைபொருள். இந்தியாவில் சிகரெட் குடிப்பவர்களைவிடப் பீடி குடிப்பவர்களே அதிகம். 2016-17இல் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 7.7 விழுக்காட்டினர் பீடியும், 4 விழுக்காட்டினர் சிகரெட்டும் குடித்தார்கள். பீடியைச் சுற்றிப் பிழைப்பவர்கள் அரசுக் கணக்கிலேயே சுமார் 50 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுத் திண்ணையிலும் நடையிலும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். குடிப்பவர் ஏழை, சுற்றுபவரும் ஏழை. இந்த இரண்டாவது ஏழையைக் காட்டியே முதலாமவரின் உடல்நலம் பல பத்தாண்டுகளாகத் தள்ளிப்போடப்பட்டு வருகிறது. பீடியின் அரசியலைப் புரிந்துகொள்ள இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இலையும் தூளும்

தெண்டு, கருங்காலிக் குடும்பத்து மரம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் காடுகளில் கோடைக்காலத்தில் பழங்குடியினர் அதன் இலையைப் பறித்துக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். மத்தியப் பிரதேச அரசு 1964இல் இந்த இலை வணிகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. தூளுக்கான புகையிலை குஜராத்தின் ஆனந்த், கேடா பகுதிகளிலும் கர்நாடகத்தின் நிப்பாணியிலும் விளைகிறது. தமிழ்நாட்டில் பீடிக்குப் பேர்போன முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் வட்டாரத்தில் இலையும் விளைவதில்லை, தூளும் விளைவதில்லை. மழை பொய்த்தால் வயல்வேலை இல்லாமல் போகும் ஊர்கள் அவை. அங்கே மலிவாகக் கிடைத்தது பெண்களின் உழைப்பு. வடக்கே குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமும் கதை ஏறக்குறைய இதுதான்.

வேலை நடக்கும் விதம் இது. முந்தின நாள் நனைத்துப் பதமாக்கிய இலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிக்கோலால் நறுக்குவார்கள். மடியில் சுளகு, அதில் ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் தூள். ஒரு சிட்டிகைத் தூளை இலையின் நீளத்துக்குப் பரப்பி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டி, அகன்ற முனையை நகத்தாலோ சிறு கம்பியாலோ உள்ளே மடக்கி, கூரிய முனைப் பக்கம் நூலைச் சுற்றி இழுத்தால் ஒரு பீடி. பழகிய கைக்கு இதற்குச் சில நொடி போதும். ஆனாலும் ஆயிரம் பீடி சேர ஒரு பகல் முழுக்கப் போய்விடும், வீட்டு வேலையும் இருந்தால் இரவும் சேரும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். சுற்றியதை 25 எண்ணிக் கட்டாகக் கட்டி, மாலையில் வேலை தரும் கம்பெனியின் பீடிக்கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே சரிபார்ப்பவர் கைக்குக் கிடைத்த கட்டைப் பிரித்துப் பார்ப்பார். தளர்ந்தது, கிழிந்தது, பருத்தது என்று ஒதுக்கியவை கழிவு. அவற்றுக்குக் கூலி கிடையாது. கம்பெனி தந்த இலை மட்டமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால், பல ஊர்களில் அந்தப் பெண்ணே கடையில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். மூலப்பொருளின் குறைக்குத் தொழிலாளியே பணம் கட்டும் தொழில் வேறு எது என்று கேட்கத் தோன்றுகிறது.

குடிப்பவரின் உடல்

ஒரு பீடியில் இருக்கும் புகையிலை ஏறத்தாழ 0.2 கிராம். சிகரெட்டில் உள்ளதைவிட மிகக் குறைவு. பச்சை இலைதானே, காகிதம்கூட இல்லையே, அதனால் கேடு குறைவு என்ற நம்பிக்கை கிராமங்களில் இன்றும் உண்டு. இந்த நம்பிக்கை பல உயிர்களைக் குடித்திருக்கிறது. தெண்டு இலையில் காற்று எளிதாகப் புகாது. நெருப்பு அணையாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதனால் புகையிலை குறைந்தாலும் தார், கார்பன் மோனாக்சைடு, நிக்கோடின் ஆகியவை நுரையீரலுக்குள் தாராளமாகவே போய்ச்சேர்கின்றன. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களும், மாரடைப்பும், நாட்பட்ட மூச்சடைப்பு நோயும் பீடி குடிப்பவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. கால்விரல்களுக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்கள் அடைபட்டு, விரல் கறுத்து அழுகி, கடைசியில் காலையே எடுக்க நேரும் பர்கர் நோய் பெரும்பாலும் இளவயதிலிருந்தே புகைக்கும் ஆண்களைத் தாக்குவது. பீடியை விட்டால் நோய் நிற்கும் வாய்ப்பு உண்டு. விடாமல் எந்த மருந்தும் அதைத் தடுத்து நிறுத்துவதில்லை.

காசநோய்க்கும் புகைக்கும் உள்ள உறவை உலகுக்கு அழுத்தமாக எடுத்துக்காட்டிய ஆய்வு தமிழ்நாட்டில் நடந்தது. கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலான ஆய்வாளர்கள் சென்னையிலும் விழுப்புரம் மாவட்ட ஊர்ப்புறங்களிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2003இல் 'லான்செட்' இதழில் வந்தது. புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதி, புகையினால் நேர்வது. மேலைநாட்டு ஆய்வுகள் புற்றுநோயையும் இதயத்தையும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நம் ஊரில் புகை கொல்லும் வழி வேறு என்று இந்த ஆய்வு காட்டியது. நெஞ்சில் அடங்கிக் கிடக்கும் கிருமியைப் புகை எழுப்பிவிடுகிறது; எழுந்த நோய் இருமலில் வீட்டிலுள்ள குழந்தைக்கும் போகிறது.

பிரபாத் ஜா குழுவினர் இந்தியா முழுவதற்கும் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, பீடி குடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டுகளையும் பெண்கள் 8 ஆண்டுகளையும் ஆயுளில் இழக்கிறார்கள் என்று கணித்தது. சிகரெட் குடிக்கும் ஆண்களுக்கு அது 10 ஆண்டு.

சுற்றுபவரின் உடல்

பீடி சுற்றும் பெண்களில் மிகப் பலர் வாழ்நாளில் ஒரு பீடியும் பற்றவைத்ததில்லை. ஆனாலும் நிக்கோடின் உடைந்து உண்டாகும் கழிவுப்பொருள் அவர்களின் சிறுநீரில் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூள் மூச்சிலும் தோலிலும் ஏறுகிறது. இருமல், இளைப்பு, தலைச்சுற்றல், கண் எரிச்சல் இவை அன்றாடம். முதுகு, கழுத்து, முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டால், அதையெல்லாம் நோயென்று சொல்வதா என்பதுபோல் பார்ப்பார்கள். தூள் மூட்டை இருக்கும் அதே அறையில்தான் சமையலும் தூக்கமும் தொட்டில் பிள்ளையும்.

முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு மருத்துவமனை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீடு கட்ட மானியம் ஆகியவையும் 1976ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டத்தால் வந்தவை. பீடியின் மேல் விதித்த சிறு தீர்வையே அந்த நிதிக்கு ஊற்றாக இருந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை எடுபட்டது. அதன்பின் நலத்திட்டங்கள் பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பி நிற்கின்றன.

குடும்பமும் குழந்தைகளும்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பெண் பார்க்க வருபவர்கள், பெண்ணுக்குப் பீடி சுற்றத் தெரியுமா என்று கேட்பது வழக்கமாக இருந்தது. கம்பெனியில் அவள் பேரில் கணக்கு இருந்தால் அது சீர்வரிசைக்கு ஈடான மதிப்பு. இந்தக் கூலியில் படித்து ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆன பிள்ளைகள் அந்த ஊர்களில் நிறையப் பேர். அந்தத் தாய்மார்களின் பெருமையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. வீட்டில் ஆணுக்கு வேலையில்லாத மாதங்களிலும் அடுப்பு எரிந்தது இந்தச் சுளகால்.

அதே சுளகின் முன் பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள் என்பதையும் எழுதாமல் விட முடியாது. முன்பணத்துக்குக் குழந்தையை அடகு வைக்கும் கொத்தடிமை முறை தமிழ்நாட்டுப் பீடித் தொழிலில் இருந்ததை மனித உரிமைக் கண்காணிப்பகம் 1996இல் வெளியிட்ட அறிக்கை விவரித்தது. அதற்கு முன்பே 1991இல், தமிழ்நாட்டில் மாவட்டப் பீடித் தொழிலாளர் சங்கச் செயலர் ஒருவர் தொடுத்த வழக்கில், உடலுக்குக் கேடான இத்தொழிலில் குழந்தைகள் கூடாதென்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுவதைத் தடைப் பட்டியலில் வைத்தாலும், குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்குத் தந்தது. முழுக்க முழுக்க வீட்டில் நடக்கும் ஒரு தொழிலுக்கு அந்த விலக்கு எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

1966 சட்டமும் கண்ணூரும்

பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் நிறைவேறியது. வேலை நேரம், விடுப்பு, மகப்பேற்று உரிமை ஆகியவற்றைத் தந்ததோடு, வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று அது ஏற்றது. முதலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 1974இல் சட்டம் செல்லும் என்றது. வீட்டில் சுற்றுபவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டென்று 1985இல் தீர்ப்பு வந்தது. ஆனால் நீதிமன்றத்தில் தோற்ற முதலாளிகள் களத்தில் தோற்கவில்லை. பீடி சுற்றும் கூடங்களைக் கலைத்து, இடைத்தரகர் வழியாக வீடுகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் ஆளுக்கொரு திண்ணைக்குப் போனார்கள். சங்கம் கட்டுவது கடினமாயிற்று, கம்பெனி தரும் பாஸ்புக்கில் பெயர் ஏறாத பெண்கள் பெருகினார்கள்.

கேரளத்தின் கண்ணூரில் மட்டும் வேறு விதமாக நடந்தது. சட்டத்தை அமல்படுத்த மாநில அரசு முனைந்ததும், 1968இல் மங்களூர்ப் பீடி நிறுவனங்கள் அங்கிருந்த தங்கள் கூடங்களை மூடின. சுமார் 12,000 பேர் வேலையிழந்தார்கள். அவர்களுக்காக 1969இல் அரசு உதவியோடு தினேஷ் பீடி கூட்டுறவு தொடங்கியது. பிற்காலத்தில் அதன் தொழிலாளர் தொகை 40 ஆயிரத்தைத் தாண்டியது. கண்ணூர்க் கூடங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: ஒருவர் நாளிதழையும் நூலையும் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள், படிப்பவரின் அன்றைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றித் தருவார்கள். கேரளத்தின் இடதுசாரி அரசியலில் அந்தக் கூடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பீடிக்குத் தேவை குறையத் தொடங்கியதும் 1990களில் தினேஷ் கூட்டுறவு உணவுப்பொருள், குடை எனப் பிற தொழில்களுக்கு நகர்ந்தது. முன்னைய தொகையோடு பார்த்தால் புது வேலை கிடைத்தவர்கள் சிலரே. என்றாலும், பீடித் தொழிலாளியை வேறு தொழிலுக்குக் கொண்டுபோக ஓர் அமைப்பு மெய்யாகவே முயன்றதற்கு இதுபோல் இன்னொரு சான்று தென்னாட்டில் கிடைப்பது அரிது.

எச்சரிக்கைப் படமும் எம்.பி.க்களும்

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. அதற்கு முன்னாண்டில் வந்த புகையிலைச் சட்டம் விளம்பரத்தையும், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதையும் தடுத்தது. பொது இடங்களில் புகைக்கத் தடை, அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் முழு வீச்சில் நடைமுறைக்கு வந்தது. அவருடைய கட்சி 2002இலேயே 'பாபா' படத்தில் ரஜினிகாந்த் புகைக்கும் காட்சிகளை எதிர்த்துத் தெருவில் இறங்கியிருந்தது. அந்தப் போராட்டத்தின் முறையை ஏற்காதவர்களும், தமிழ் இளைஞனின் கையில் சிகரெட்டை அழகாக்கியதில் திரைக்கு இருந்த பங்கை மறுக்க முடியாது.

பீடியின் அரசியல் செல்வாக்கு வெளிச்சத்துக்கு வந்தது 2015இல். புகையிலைப் பொருள்களின் உறையில் 85 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைப் படம் அடைக்க வேண்டும் என்ற விதி அவ்வாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கவிருந்தது. திலீப் காந்தி தலைமையிலான நாடாளுமன்றக் குழு, புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இந்திய ஆய்வு எதுவும் காட்டவில்லை என்று சொல்லி அதைத் தள்ளிவைக்கக் கேட்டது, அரசும் தள்ளிவைத்தது. சென்னை-விழுப்புரம் ஆய்வு வெளிவந்து அப்போது 12 ஆண்டு ஆகியிருந்தது. குழுவில் இருந்த ஷியாமா சரண் குப்தா, அலகாபாத் எம்.பி.யாக மட்டுமின்றிப் பெரிய பீடி வணிகராகவும் இருந்தவர். விதி ஓராண்டு தாமதித்து 2016 ஏப்ரலில் வந்தது. அந்த ஓராண்டு யாருக்காகக் கழிந்தது என்பதை வாக்காளர்கள் கேட்டிருக்க வேண்டும். படம் வந்த பிறகும், பெட்டிக்கடையில் ஒன்று இரண்டாக உதிரி வாங்குபவர் கண்ணில் அது படுவதே இல்லை.

வரி

புகையைக் குறைக்க வரியைப்போல் வேலை செய்யும் கருவி வேறில்லை என்பது பல நாட்டு அனுபவம். விலை ஏறினால் இளைஞர்களும் ஏழைகளுமே முதலில் விடுகிறார்கள். இந்தியாவில் நெடுங்காலம் சிகரெட்டுக்கு ஒரு நீதி, பீடிக்கு ஒரு நீதி. ஆண்டுக்கு 20 லட்சம் பீடிக்குள் செய்தவர்களுக்குக் கலால் வரியே இருக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் சிறு சிறு பெயர்களில் பிரிந்து அந்த வரம்புக்குள் ஒளிந்துகொள்ள அது வழிவிட்டது. ஜி.எஸ்.டி.யில் பீடிக்கு 28 விழுக்காடு விதித்தபோதும், சிகரெட்டின் மேல் போட்ட கூடுதல் தீர்வையைப் பீடியின் மேல் போடவில்லை.

வரி வேறுபாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் மன்னார் வளைகுடாவே சாட்சி. பீடி இலைக்கு இலங்கையில் இறக்குமதி வரி மிக அதிகம். அதனால் தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரைகளில் படகில் ஏற்றவிருந்த பீடி இலை மூட்டைகள் பிடிபட்டன என்ற செய்தி அடிக்கடி வருகிறது. பிடிபடுவது சுமை தூக்கியவர்களும் படகோட்டிகளும்தான்.

2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சிகரெட்டுக்கு 40 விழுக்காடு என்று முடிவு செய்த அதே கூட்டத்தில், பீடியின் வரியை 28இலிருந்து 18 ஆகவும், பீடி இலையின் வரியை 18இலிருந்து 5 ஆகவும் குறைத்தது. சொல்லப்பட்ட காரணம் தொழிலாளர் நலம். வரி குறைந்தால் ஆயிரத்துக்கான கூலி ஏறும் என்று எந்த விதியும் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன; பீடித் தொழிலாளர்களுக்கென்றே இருந்த 1966 சட்டம் அவற்றில் கரைந்துபோயிற்று. புகையிலைத் தொழிலை நம்பியிருப்பவர்களுக்கு மாற்று வாழ்வு தேடித் தர வேண்டும் என்பது இந்தியா கையொப்பமிட்ட உடன்படிக்கையின் 17ஆம் விதி. மாற்றுத் தொழிலுக்குப் பயிற்சித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் வீட்டை விட்டுத் தூரம் போக முடியாத, நடுவயது கடந்த ஒரு பெண்ணுக்கு, சுளகை இறக்கிவைத்த மறுவாரமே கூலி தரும் வேலை எதுவும் முக்கூடலுக்கோ ஆலங்குளத்துக்கோ தேவையான அளவில் இன்னும் வந்துசேரவில்லை.