சடங்கன்பாடியில் ஒரு கோடை

மே மாதத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். 1926-இல் வந்த ரயில் 1986-இல் நின்றுபோன பிறகு இந்த ஊருக்கு பஸ்தான் கதி. போன கோடையில் நானும் நின்றபடியே போனேன். பக்கத்திலிருந்த ஒருவர் தன் பிள்ளைகளிடம் சொன்னார்: “உலகத்துலயே ரெண்டாவது ஓசோன் காத்து இங்கதான்டா. எறங்கினதும் நல்லா இழுத்து மூச்சு விடணும்.”

இந்த ஓசோன் கதை நம்மூரில் பிறந்ததல்ல. ஓசோனைக் கண்டறிந்து பெயர் வைத்தவர் ஷோன்பைன், 1839-40 வாக்கில். அதன் பிறகு ஐரோப்பியக் கடற்கரை ஊர்கள், எங்கள் காற்றில் ஓசோன் இருக்கிறது, உடம்புக்கு நல்லது என்று சொல்லி விருந்தாளிகளை இழுத்தன. உண்மையில் மூச்சோடு உள்ளே போகும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். கடற்கரையில் நாம் முகர்கிற அந்த வாசனை பெரும்பாலும் பாசியும் நுண்ணுயிர்களும் தருகிற கந்தகச் சேர்மத்தினுடையது. ஐரோப்பாவில் பழசாகிப்போன விளம்பரம் இங்கே இன்னமும் ஓடுகிறது.

இரண்டாவது கதை பெயரைப் பற்றியது. தரங்கம் என்றால் அலை. ஆகவே இது அலை பாடும் ஊர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் வேறொன்று சொல்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. 1306 வாக்கில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் ‘சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்’. வாணியம்பாடி, காட்பாடி போல இங்கேயும் பாடி என்பது குடியிருப்புதான், பாட்டு அல்ல. அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இன்று மிச்சத்தைக் காப்பது அங்கே கொட்டியிருக்கும் கருங்கற்கள்.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னோலையில் எழுதிய தமிழ்க் கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1706-இல் சீகன்பால்கு வந்தார்; சில ஆண்டுகளில் தமிழ் அச்சகம் நடந்தது. 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1861-இல் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. வியாபாரமும் அங்கே போயிற்று. ஓய்ந்த துறைமுகம் மெதுவாக விடுமுறை ஊராயிற்று. கோட்டை அருங்காட்சியகத்தில் பீங்கானும் நாணயமும் பார்த்தேன். அந்தக் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலையைத் தாண்டிச் சரக்கு ஏற்றி இறக்கியவர்களின் கதையைத்தான் நான் தேடினேன்.

வெளியே கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “அலை பாடுதுன்னு சொல்றாங்களேம்மா?”

“பாடுதா? கத்தும் தம்பி. அந்தச் சத்தத்த வச்சுத்தான் எங்க வூட்டுக்காரரு விடியக்காலம் மரம் தள்ளலாமா வேணாமான்னு சொல்லுவாரு. இப்ப உள்ள தள்ளிக் குடுத்த வூட்ல இருக்கோம். சத்தம் கேக்காம மொத ரெண்டு வருசம் தூக்கமே வரல.”

2004 சுனாமி இந்த ஊரில் நிறையப் பேரைக் கொண்டுபோனது. மறு ஆண்டு அரசு ஓர் ஆணை போட்டது: கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் விரும்பினால் அதற்கு அப்பால் புது வீடு இலவசம், பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று பழைய இடத்திலேயே இருந்தால் உதவி இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பயத்தில் இருந்தவர்களிடம் வைத்த நிபந்தனை இது. பாதுகாப்புக்காகத்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு ஆபத்தென்று சொல்லப்பட்ட அதே கரைக்குத்தான் நாம் காற்று வாங்கப் போகிறோம்.

“பழைய வூடு எங்கம்மா இருந்துச்சு?” என்றேன். அவர் கையை நீட்டினார். பஸ்ஸில் பார்த்த குடும்பம் அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துக்கொண்டிருந்தன.

“இருக்கட்டும் தம்பி, சின்னப் புள்ளைங்க” என்றபடி அவர் எனக்கு நெத்திலிக் கருவாட்டைக் கட்டிக் கொடுத்தார்.