மார்த்தாண்டத்துத் தேன்

தேன் மனிதன் விளைத்த பொருளன்று. பிறிதொரு ஜீவராசி, மலர் குறைந்த காலத்துக்கென்று தன் குடும்பத்தின் பொருட்டுச் சேமித்து வைத்த ஆகாரம் அது. இதை மனத்திற்கொண்டு நோக்கினாலன்றி, அதை எடுக்கும் தொழிலின் சரித்திரம் நமக்கு விளங்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அக்காலத்தே திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில், மரப்பொந்துகளிலும் பாறையிடுக்குகளிலும் கூடு கண்டவர்கள் புகையிட்டுத் தேனீக்களை விரட்டி, அடைகளை அறுத்து, அவற்றிலிருந்த முட்டையும் புழுவும் உட்பட யாவற்றையும் ஒருங்கே பிழிந்தெடுப்பதுதான் தலைமுறைகளாக நடந்துவந்த வழக்கம். அவ்வாறு கிடைத்த தேன் கலங்கலாயிருக்கும். விரைவிற் புளித்தும் போகும். அதைத் தந்த குடும்பமோ வீடும் சந்ததியும் இழந்து சிதறிவிடும்.

அந்தச் சேதத்தின் அளவை அறிய, ஓர் அடை தேனால் நிறைவதற்கு எவ்வளவு பிரயாசை வேண்டியிருக்கிறது என்று சற்றே பார்க்கவேண்டும். தேனீ பூவிலிருந்து தேனை எடுத்துவருகிறது என்று குழந்தைகளிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறோம், அது போதாது. மலரிலே இருப்பது தேனன்று. பெரும்பாலும் நீராகிய இனிப்புச் சாறு. வேலைக்காரத் தேனீ அதைத் தன் நீண்ட நாவினால் உறிஞ்சி, உணவு செரிக்கும் இரைப்பைக்கு முன்னால் இதற்கென்றே அமைந்துள்ள வேறொரு பையில் ஏந்திக்கொண்டு கூடு திரும்புகிறது. அங்கே காத்திருக்கும் இளந்தேனீக்கள் அதை வாயோடு வாய் வைத்துப் பெற்று, தம் சுரப்பிகளில் ஊறும் ரசத்தைக் கலந்து, மீண்டும் மீண்டும் வெளிக்கொணர்ந்தும் உள்வாங்கியும் பக்குவப்படுத்துகையில், சாற்றிலுள்ள சர்க்கரை எளிதிற் செரிக்கும் இரு சர்க்கரைகளாகப் பிரிந்துவிடுகிறது. பின்னர் அதை அறைகளில் மெல்லியதாகப் பரப்பி, இரவிலும் ஓயாமல் சிறகுகளை வீசிக் காற்றெழுப்பி, நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு நீரே எஞ்சும்வரை வற்றச்செய்து, தம் வயிற்றின் அடிப்புறத்தில் சுரக்கும் மெழுகினால் ஒவ்வோர் அறைக்கும் மூடியிடுகின்றன. அந்த மூடி விழுந்த பிறகே அது தேன்.

இத்தனை உழைப்பில் உருவான அடையை அழிக்காமலே தேனெடுக்கும் வழியை 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் கண்டார். தேனீக்கள் நடமாடுவதற்கென்று ஒரு குறிப்பிட்ட இடைவெளியை மட்டுமே அடைக்காமல் விட்டுவைக்கின்றன என்பதைக் கவனித்த அவர், அந்த இடைவெளி விட்டுத் தொங்கும் மரச்சட்டங்களைப் பெட்டிக்குள் அமைத்தார். 1865இல் ஐரோப்பாவில், அடையைச் சுழற்றியே தேனைப் பிரிக்கும் இயந்திரமும் வந்துசேர்ந்தது. ஆயினும் ஐரோப்பியத் தேனீக்கு ஏற்ற பெரிய பெட்டி, உருவிலும் குடும்ப அளவிலும் சிறியதான நம் நாட்டுத் தேனீக்குப் பொருந்தவில்லை. அக்குறையைத் தீர்த்தவர் திருச்சிராப்பள்ளியில் தொண்டாற்றிய நியூட்டன் பாதிரியார். 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் அவர் நம் தேனீயின் அளவுக்கேற்பச் சிறிய பெட்டியொன்றை வகுத்து, கிராமத்து ஜனங்கள் பலருக்குப் பயிற்சியும் அளித்தார். புழுக்கள் வளரும் அறை கீழே, தேன் சேரும் அறை மேலே என்று பிரித்துவைத்த அந்த எளிய அமைப்பினால், ஒரு புழுவும் மடியாமல் தேனைமட்டும் எடுப்பது சாத்தியமாயிற்று. நியூட்டன் பெட்டி என்று அவர் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது. தென்னாட்டு விவசாயிக்கு இதனினும் மலிவாகவும் கருணையோடும் செய்யப்பட்ட உபகாரம் வேறு உண்டோ என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பெட்டி வேரூன்றிய இடம், முன்சொன்ன விளவங்கோடு தாலுகாவிலுள்ள மார்த்தாண்டம். 1920களில் அவ்வூரில் ஒய்.எம்.சி.ஏ. அமைத்த கிராமப் புனருத்தாரண நிலையத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் ஏழைக் குடியானவர்களின் உபதொழிலாகப் போதித்தார். விளைந்ததைக் கூட்டாக விற்கும் முறையையும் பழக்கினார். நிலமில்லாதவன்கூட அயலான் மரநிழலில் இரண்டு பெட்டிகளை வைத்துப் பிழைக்கக்கூடிய தொழில் என்பதால், அது வீடுதோறும் பரவிற்று. இப்பகுதியில் பெருகிய ரப்பர்த் தோட்டங்களும் எதிர்பாராத துணையாயின. இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும் தை, மாசி மாதங்களில், ரப்பர் மரத்தின் மூன்று சிற்றிலைகள் காம்போடு கூடுமிடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிப்புச் சாறு ஊறுகிறது. ஆகவே மார்த்தாண்டத்துத் தேனிற் பெரும்பகுதி பூவில் பிறந்ததன்று, இலைக்காம்பில் பிறந்தது.

1991ஆம் ஆண்டையொட்டி இத்தொழிலுக்குப் பேராபத்து நேர்ந்தது. தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோய் புழுக்களை மூடியிடும் பருவத்திலேயே கொன்று, குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மிகப்பெரும்பாலான கூடுகளை வெறுமையாக்கிற்று. பெட்டிகளை விறகாக்கியவர்களும் உண்டு. எனினும் நோய்க்குத் தப்பிய சில குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றையே பிரித்துப் பிரித்து விருத்தி செய்த பொறுமைசாலிகளால் தொழில் மீண்டது; அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

தை முதல் பங்குனி வரை அப்பக்கம் போகும் பெற்றோரே, தங்கள் குழந்தைகளைத் தேனீ வளர்ப்பவர் ஒருவரிடம் அழைத்துச்சென்று, மேலறைச் சட்டமொன்றைத் தூக்கிக் காட்டும்படி கேளுங்கள். மெழுகு மூடிய அறைகளையும், இன்னும் மூடாத அறைகளில் சாறு பளபளப்பதையும் அவர்கள் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.