சத்திரத்திலிருந்து காவல் நிலையத்துக்கு

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில், ஒரத்தநாட்டில் இருக்கிறது இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம். பட்டுக்கோட்டையைத் தாண்டிக் கடலோரமாகப் போனால் ராஜாமடம் சத்திரம். ராமேஸ்வரத்துக்கு நடந்தே போனவர்களுக்காக மராட்டிய மன்னர்கள் வழிநெடுகிலும் ஏற்படுத்தியவை இவை. சத்திரங்களைத் தன் பொறுப்பிலேயே விட்டுவைக்கும்படி கேட்டு 1801-ல் சரபோஜி ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில் அவற்றின் அன்றாடம் அப்படியே பதிவாகியிருக்கிறது. எந்தச் சாதிக்காரரானாலும் பரதேசியானாலும் சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வரும்படி கூப்பிடுவார்கள். வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியர் உண்டு, மருந்தும் பத்தியச் சாப்பாடும் உண்டு, குணமாகும்வரை தங்கலாம். இத்தனைக்கும் செலவு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சத்திரத்துக்கென்று கிராமங்கள் விடப்பட்டிருந்தன. அவற்றின் நெல் வருவாய் அடுப்புக்கும் வைத்தியருக்கும் போய்ச் சேர்ந்தது. கடமையை ஏற்படுத்தியவர்களே அதற்கான நிலத்தையும் ஒதுக்கினார்கள்.

1855-ல் தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். எஞ்சியிருந்த அரசும் கிழக்கிந்திய கம்பெனியின் கைக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த சட்டங்கள், முன்பு சத்திரத்தில் சோறும் இடமும் கிடைத்திருக்கக்கூடிய, ஊர் ஊராக அலையும் மனநோயாளியைப் புதியதோர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தின. 1858-ஆம் ஆண்டின் மனநோயாளர் காப்பகச் சட்டம், சித்தம் கலங்கி அலைவோரைப் பிடித்து மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பும் வேலையைப் போலீசுக்குக் கொடுத்தது. மறு வருடமே, 1859-ல், சென்னை மாகாணத்துக்கான போலீஸ் சட்டம் வந்தது. மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் போகுமிடம் சென்னைக் காப்பகம். 1871 முதல் அது கீழ்ப்பாக்கத்தில். 1912-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே வழிதான். 1987-ஆம் ஆண்டுச் சட்டம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்றது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி மாண்ட பிறகும், போலீஸ்காரரிடம் சட்டம் கேட்டது மாறவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில்தான் அது மாறியது.

அந்தச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி இரவில் நிலையப் பொறுப்பில் இருக்கும் ஓர் ஏட்டு என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். பேருந்து நிலையத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு, கிட்டே வருபவர்மேல் கல்லை எடுக்கும் ஒருவர் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறாரா என்று ஏட்டே கணிக்க வேண்டும். எதற்காகக் கூட்டிப்போகிறோம் என்பதை அந்த மனிதருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். லத்தியும் அதட்டலும் உதவாத வேலை இது. பயத்தில் இருப்பவரை அதட்டினால் ஓடுவார் அல்லது அடிப்பார். இதைச் சட்டமும் உணர்ந்தே இருக்கிறது. போலீசாருக்கு அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்று 30-ஆவது பிரிவு அரசுக்கே கடமை விதிக்கிறது. ஆனால் இதே சட்டத்தின் மசோதாவோடு வைக்கப்பட்ட நிதிக் குறிப்பில் மொத்தச் செலவு எவ்வளவு என்ற மதிப்பீடு இல்லை. மத்திய அரசின் பங்கு எவ்வளவு, மாநிலத்தின் பங்கு எவ்வளவு என்பதும் இல்லை. சரபோஜியின் சத்திரத்துக்கு இருந்த கிராமம் இந்தச் சட்டத்துக்கு இல்லை.

சத்திரக் காலத்தைப் பொற்காலமாக்குகிறேன் என்று சிலர் நினைக்கலாம். அங்கும் சாதி பார்த்துத்தான் பந்தி நடந்தது. அந்த ஏற்பாடு திரும்பி வர வேண்டும் என்பதல்ல என் வாதம். இன்னும் கனமான ஆட்சேபம் வேறொன்று: பந்தோபஸ்து, பாரா, நீதிமன்றம் என்று ஓயாமல் ஓடும் போலீசார்மேல் மருத்துவர் வேலையையும் ஏற்றலாமா? ஏற்றக் கூடாதுதான். ஆனால் நள்ளிரவில் ஊர்க்காரர்கள் கூப்பிடுவது போலீசைத்தான். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியில், பழவேற்காட்டில் மனநலம் பாதித்தவராகத் தெரிந்த ஒருவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. அப்படியொரு கூட்டத்துக்கும் அந்த மனிதருக்கும் நடுவே போய் நிற்கக்கூடிய முதல் ஆள் காக்கிச் சட்டைக்காரர்தான். நோயைக் கண்டுபிடிக்க அவருக்குக் கற்றுத்தர வேண்டாம். குரலைத் தாழ்த்திப் பேசவும், கூட்டத்தை விலக்கவும், பொறுத்திருக்கவும் தெரிந்தால் போதும்.

பயிற்சியால் மட்டும் பலன் வருமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம் பதில் வைத்திருக்கிறது. 1987-ல் அங்கே கத்தியோடு நின்ற மனநோயாளி இளைஞர் ஒருவரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். மறு ஆண்டே, முன்வந்த போலீசாருக்கு 40 மணி நேரப் பயிற்சி தொடங்கியது. பயிற்சி பெற்றவர்களின் அறிவும் அணுகுமுறையும் மேம்படுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. காயங்களும் கைதுகளும் குறைந்தனவா என்பதில் அவை ஒன்றுபடவில்லை. ஆனால் மெம்பிஸ் திட்டத்தின் மறுபாதி பலரும் மறப்பது: போலீசார் கொண்டுவருபவரைக் காக்கவைக்காமல் வாங்கிக்கொள்ளும் மருத்துவமனை. அது இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற ஏட்டும் விடியும்வரை வராந்தாவில்தான் நிற்பார்.

எனவே பணம் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். பயிற்சிக்கான அமைப்பு நம்மிடம் ஓரளவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு தமிழகப் போலீசாரின் சொந்த மன அழுத்தத்துக்காக ‘நிறைவாழ்வு’ வகுப்புகள் நடந்தன. 2020-ல் திருச்சி சரகத்தில், மக்களிடம் முரட்டுத்தனமாக நடப்பவர்கள் என்று அடையாளம் காணப்பட்ட சுமார் 80 போலீசாரைப் பொதுமக்களோடு பழகும் பணியிலிருந்து விலக்கி, உளவியல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆதரவற்ற மனநோயாளிகளுக்கான அரசு மீட்பு மையம் பக்கத்துப் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. மனநலப் பிரிவுள்ள தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி பட்டுக்கோட்டையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மாநில பட்ஜெட்டில் இதற்கென்று தனித் தலைப்பு வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு பேருக்காவது முழுப் பயிற்சி, அவர்கள் வகுப்பில் இருக்கும் நாட்களுக்கு மாற்று ஆள், இரவில் ஒருவரை ஏற்றிப்போக வண்டியும் டீசலும், போய்ச் சேரும் இடத்தில் ஒரு படுக்கை: இவை ஒவ்வொன்றுக்கும் அதில் தொகை குறிக்கப்பட வேண்டும்.