அந்துருண்டையின் கதை

பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று ஒரு நெடி வருமே... அது அந்துருண்டையின் நெடி. சில வீடுகளில் பாச்சை உருண்டை என்பார்கள். மிட்டாய் போல வெள்ளை வெளேரென்று இருக்கும் இதற்கு இருநூறு வருடக் கதை உண்டு. அந்தக் கதை தெரிந்தால், இதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கி வாயுவை எடுத்த பிறகு, கறுப்புத் தார் மிஞ்சியது. அந்தக் கழிவைக் காய்ச்சி வடித்தபோது ஒரு வெள்ளைப் படிகம் கிடைத்தது. 1821-ல் ஜான் கிட் என்ற ஆங்கிலேயர் அதன் குணங்களை விவரித்து, நாப்தலின் என்று பெயர் வைத்தார். 1826-ல் அதில் கார்பனும் ஹைட்ரஜனும் என்ன விகிதத்தில் உள்ளன என்று கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே. ஆம், மின்சார ஆராய்ச்சிக்குப் பேர்போன அதே ஃபாரடேதான்!

நாப்தலின் உருகாமலே ஆவியாகும். பள்ளிப் பாடத்தில் வரும் பதங்கமாதல் இதுதான். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி நிறைந்து, கம்பளியையும் பட்டையும் அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுக்களைக் கொல்கிறது. திறந்த இடத்திலோ ஆவி கலைந்துவிடும். பூச்சி தப்பித்துக்கொள்ளும், மனிதர்கள்தான் அதைச் சுவாசிப்பார்கள்.

இதன் ஆபத்து மெல்லத்தான் தெரியவந்தது. 1949-ல் அமெரிக்க மருத்துவர்களான சூல்சரும் ஆப்ட்டும், நாப்தலின் நஞ்சால் குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் ரத்தசோகை வந்ததைப் பதிவு செய்தார்கள். ஆனால் சிலரை மட்டும் இது ஏன் அதிகம் பாதிக்கிறது?

விடை 1956-ல், மலேரியா மருந்து பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குச் சில வேதிப்பொருட்கள் பட்டால் சிவப்பணுக்கள் எளிதில் உடைகின்றன. இந்தக் குறைபாடு ஆப்பிரிக்காவிலும், மத்தியதரைக் கடல் நாடுகளிலும், இந்தியாவிலும் உண்டு.

1963-ல் கிரேக்க நாட்டு மருத்துவர்கள் இன்னொரு அதிர்ச்சியைத் தந்தார்கள். பிறந்த குழந்தைகள் 21 பேருக்குச் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. யாரும் உருண்டையை விழுங்கவில்லை. நாப்தலினோடு வைத்திருந்த துணிகள், போர்வைகளின் ஆவியைச் சுவாசித்ததே காரணம். அவர்களில் எல்லோருக்கும் நொதிக் குறைபாடு இருக்கவும் இல்லை!

2002-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, நாப்தலினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. 2008-ல் ஐரோப்பிய ஒன்றியம் நாப்தலின் உருண்டைகளைத் தடை செய்தது. இந்தியக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது.

ஆகவே, பயன்படுத்துவோர் கவனிக்க:

* இறுக மூடும் பெட்டிக்குள் மட்டுமே போடவும். அலமாரித் தட்டு, சமையலறை, வாஷ்பேசின் ஆகியவை இதற்கான இடமல்ல.
* குழந்தையின் துணி, தொட்டில் சேலை, போர்வை ஆகியவற்றோடு ஒருபோதும் வைக்க வேண்டாம்.
* பெட்டியிலிருந்து எடுத்த துணியை நெடி போகும்வரை காற்றாட உலர்த்திய பிறகே உடுத்தவும். நெடி இருக்கிறது என்றால் ஆவி இருக்கிறது என்று பொருள்.
* குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவோ, பால் கொடுக்கவோ கூடாது. கொழுப்பு, நாப்தலின் உடலில் சேர்வதைக் கூட்டும். உருண்டை வந்த கவரையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

துணியைத் துவைத்து, நன்றாக உலர்த்தி, அவ்வப்போது எடுத்து உதறி மடித்து வைத்தாலே புழுக்கள் பெருகுவது குறையும். புடவையில் ஓட்டை விழுந்தால் வேறு புடவை வாங்கிக்கொள்ளலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் ரத்தம் அப்படியல்லவே!